ராணியைக் கொடுத்து ராஜாவைப் பிடிப்பது

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். சுவரில் மாட்டிய பெரிய போர்டில் ஒரு பஸிலை அடுக்கி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து குரல் வந்துவிடும்.

"ராணியைக் கொடுத்துருங்க சார்!"

"சரி, கொடுத்துட்டு?"

"கொடுத்துட்டா மேட் ஆயிடும் சார்."

பாதி நாள் அந்தப் பையன் சொல்வது சரியாகவும் இருந்துவிடும். அதுதான் சங்கடம். பஸில் என்றால் எதையாவது கொடுக்க வேண்டும், பெரிதாகக் கொடுத்தால் பெரிதாகக் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை எப்படியோ பரவியிருக்கிறது. பெரியவர்கள் பேச்சும் இதேதான், வார்த்தைதான் வேறு: "என்ன துணிச்சல்! ராணியையே தூக்கிக் கொடுத்துட்டான் பாருங்க." துணிச்சலுக்கும் இதற்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு. ராஜாவைத் தாக்குவதற்காகக் காயைப் பலிகொடுப்பது பெரும்பாலும் எண்ணிப் பார்க்கிற வேலை. எதை எண்ணுவது என்பதில்தான் குழப்பம்.

இந்தக் கட்டுரைக்குக் காய்கள் எப்படி நகரும் என்று தெரிந்தால் போதும். பிஷப்பை மந்திரி என்றும் ஒட்டகம் என்றும் ஊருக்கு ஊர் சொல்வதால் இங்கே பிஷப் என்றே வைத்துக்கொள்கிறேன். கட்டங்களுக்கு வழக்கமான பெயர்கள்: வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எட்டு வரிசை, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை. வெள்ளையின் வலக்கை ஓரத்து மூலை எச்1. வீட்டில் போர்டு இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் பார்த்தால் புரிந்த மாதிரி இருக்கும், கையால் நகர்த்தினால்தான் புரியும்.

கோழி பிடிக்கிறவர் கணக்கு

முற்றத்தில் மேயும் கோழியைத் துரத்திப் பிடிக்க முடியாது. துரத்தத் துரத்த அது வேலி ஓட்டையைத் தேடும். பழகின ஆள் முதலில் ஓட்டைகளைப் பார்ப்பார். மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒரு பிள்ளையை நிறுத்துவார், கிணற்றடியில் ஒரு தட்டியைச் சாய்ப்பார். கடைசியாகக் கைப்பிடி அரிசியை எடுத்து மூலையில் இறைப்பார். கோழி தானாக மூலைக்கு வரும். அந்த அரிசியை யாரும் தியாகம் என்று சொல்வதில்லை.

செஸ்ஸில் பலி என்பது அந்த அரிசி. எதிராளி வெட்டிக்கொள்ளட்டும் என்று தெரிந்தே ஒரு காயை விடுவது, பதிலுக்கு வேறொன்றைப் பெறுவதற்காக. ஆடுகிறவர்கள் இதை 'சாக்' என்பார்கள்: "குதிரையை சாக் பண்ணிட்டான்." ராஜாவைத் தாக்கும்போது பதிலுக்குக் கிடைப்பது அநேகமாக இரண்டில் ஒன்று. எதிராளியின் ராஜா நமக்குத் தோதான கட்டத்துக்கு வந்துவிடும், அல்லது அதைக் காத்து நின்ற காய் இடத்தை விட்டு விலகிவிடும். சில சமயம் ஒரே பலியில் இரண்டும் கிடைக்கும்.

ஓட்டைகளுக்கும் ஒரு பெயர் வைப்போம். ராஜா அடுத்த நகர்வில் பத்திரமாகப் போகக்கூடிய கட்டம் 'தப்புக் கட்டம்'. செக்கும் விழுந்து, தப்புக் கட்டமும் பூஜ்யம் ஆகி, செக் கொடுத்த காயை வெட்டவோ நடுவில் குறுக்கே நிற்கவோ ஆளில்லை என்றால் மேட். எனவே முதலில் எண்ண வேண்டியது ராஜாவைச் சுற்றியுள்ள தப்புக் கட்டங்களை. ராணிக்கு எத்தனை பாயிண்ட் என்பது பிறகு வரும் விஷயம்.

அடுப்பில் பால் பொங்கும்போது

செக்குக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அடுப்பில் பால் பொங்கும்போது வாசலில் யார் கூப்பிட்டாலும் போக முடியாது, முதலில் அடுப்பை அணைக்க வேண்டும். ராஜாவுக்குச் செக் விழுந்தால் எதிராளிக்கு எவ்வளவு நல்ல திட்டம் இருந்தாலும் அதை ஓரமாக வைத்துவிட்டு அந்தச் செக்குக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அப்படிப் பதிலைத் திணிக்கிற நகர்வைக் 'கட்டாய நகர்வு' என்போம். நீங்கள் விடாமல் செக் கொடுத்துக்கொண்டே இருந்தால் எதிராளியின் ராணியும் யானைகளும் பக்கத்திலேயே நின்றாலும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

செக்கில் இன்னும் கடுமையான ஒரு வகை 'இரட்டைச் செக்': ஒரே நகர்வில் இரண்டு காய்கள் ராஜாவைத் தாக்குவது. ஒன்றை வெட்டினாலும் மற்றது மிச்சம். அதனால் ராஜா நகர்ந்தே ஆக வேண்டும், வேறு பதிலே கிடையாது. இதை நினைவில் வையுங்கள், சீக்கிரமே தேவைப்படும்.

முதலில் ஒரு குட்டிப் பஸில்

கருப்பு ராஜா எச்8 மூலையில். முன்னால் ஜி7, எச்7-ல் அதன் சிப்பாய்கள். எஃப்8-ல் யானை, டி8-ல் ராணி. வெள்ளைக் குதிரை எச்6-ல், வெள்ளை ராணி சி4-ல். வெள்ளையின் முறை.

குதிரை எஃப்7-க்குத் தாவினால் செக். ஆனால் எஃப்8 யானை குதிரையை வெட்டிவிடும். ராஜாவுக்கு ஜி8 என்ற தப்புக் கட்டம் ஒன்றும் கிடைத்துவிடும். இப்போது குதிரையும் ராணியும் அதைக் காக்கின்றன, ஆனால் குதிரை எஃப்7-க்குப் போனால் தன் காவலையும் விட்டுவிடும், ராணியின் வழியையும் மறைத்துவிடும். அப்படியானால் தொல்லை இரண்டு: எஃப்7-ஐக் காக்கும் அந்த யானை, காலியாகக் கிடக்கும் ஜி8.

ராணியை ஜி8-ல், ராஜாவுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைக்கிறார்கள். செக். ராஜா வெட்ட முடியாது, குதிரை காக்கிறது. யானைதான் வெட்ட வேண்டும். வெட்டிய யானை இப்போது ஜி8-ல் உட்கார்ந்து தன் ராஜாவின் கடைசிக் காற்றுவழியையும் அடைத்துவிட்டது. எஃப்7-க்குக் காவலும் இல்லை. குதிரை எஃப்7, மேட். சொந்தப் படையே சுற்றி நின்று மூச்சை முட்டவைத்த மேட். இது 1497-ல் ஸ்பெயினில் வெளிவந்த லூசேனாவின் நூலிலேயே இருக்கிற பழைய உத்தி.

கவனித்தீர்களா? 'ராணியைக் கொடு' என்று யோசனை தொடங்கவில்லை. 'இந்த யானையை எப்படி நகர்த்துவது' என்று தொடங்கியது. ராணி விடையாக வந்தது, அவ்வளவுதான்.

இதுவரை வந்தது: தப்புக் கட்டங்களை எண்ணு, காவல் நிற்கும் காயைக் கண்டுபிடி, அதை நகர்த்தக் கட்டாய நகர்வு உண்டா என்று பார்.

லண்டன், 1912

இனி நிஜ ஆட்டம். 1912-ல் லண்டனில் எட்வர்ட் லாஸ்கரும் ஜார்ஜ் ஆலன் தாமஸும் ஆடிய நட்பு ஆட்டம். இந்த லாஸ்கர் உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கர் அல்ல, அதே குடும்பப்பெயர் கொண்ட இளைஞர், பொறியாளர். எதிரே இருந்த தாமஸை நீங்கள் வேறு வழியாக அறிவீர்கள். 2022-ல் இந்திய ஆண்கள் அணி பாங்காக்கில் இந்தோனேசியாவை வென்று வாங்கியதே, பாட்மிண்டன் தாமஸ் கோப்பை, அது இவர் பெயரில்தான் இருக்கிறது. இவ்வளவு சாதித்த மனிதரைச் செஸ் உலகம் அதிகம் நினைப்பது ஒரு தோல்விக்காக. என்ன செய்வது.

பத்து நகர்வு முடிந்த நிலை இது.

வெள்ளை: ராஜா இ1, ராணி எச்5, யானைகள் ஏ1, எச்1, பிஷப் டி3, குதிரைகள் இ4, இ5, சிப்பாய்கள் ஏ2, பி2, சி2, டி4, எஃப்2, ஜி2, எச்2.

கருப்பு: ராஜா ஜி8, ராணி இ7, யானைகள் ஏ8, எஃப்8, பிஷப்புகள் பி7, எஃப்6, குதிரை பி8, சிப்பாய்கள் ஏ7, பி6, சி7, டி7, இ6, ஜி7, எச்7.

வெள்ளையின் முறை. அடுக்கிவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். பிள்ளைகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: "வெள்ளைக் காய்கள் எல்லாம் எங்கே பார்க்கின்றன?" ராணி நேராக எச்7-ஐப் பார்க்கிறது. பிஷப்பும் அதே எச்7-ஐப் பார்க்கிறது, ஆனால் நடுவில் இ4-ல் சொந்தக் குதிரையே மறைக்கிறது. இ5 குதிரை எஃப்7, ஜி6 இரண்டையும் பிடித்து வைத்திருக்கிறது. கருப்பின் ஏ8 யானையும் பி8 குதிரையும் பிறந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

நேர்வழி ஏன் அடைபட்டது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இ4 குதிரையால் எஃப்6 பிஷப்பை வெட்டுவது. அது செக். குதிரை விலகியதால் டி3 பிஷப்பின் வழியும் திறந்துவிட்டது, அடுத்து ராணி எச்7-ல் விழுந்தால் மேட் என்று தோன்றும். சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் கருப்பு, ஜி7 சிப்பாயால் குதிரையை வெட்டும். சிப்பாய் ஜி7-ஐ விட்டு நகர்ந்ததும் 7-ஆம் வரிசை முழுக்கத் திறந்துவிடும். இ7-ல் நிற்கும் கருப்பு ராணி அங்கிருந்தே எச்7-ஐக் காக்கத் தொடங்கும். மேட் இல்லை, குதிரையும் போனது, இ5-ல் இன்னொரு குதிரை எஃப்6 சிப்பாயின் வாயில் நிற்கிறது. ராணியை இ7-க்குக் கொண்டுவந்து வைத்ததால் தாமஸுக்குக் கிடைத்த பாதுகாப்பு இது. மோசமான யோசனை ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் பிள்ளைகள் அந்த நகர்வைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றைத் தேடுவார்கள். எறியக்கூடாது. தோற்ற நகர்வு எதனால் தோற்றது என்று சொல்லிவிட்டுத்தான் போகும். இங்கே அது சொல்வது: ஜி7 சிப்பாய் வெட்ட முடிவதுதான் தொல்லை. சரி, எப்போது அந்தச் சிப்பாயால் வெட்ட முடியாது?

இரட்டைச் செக்கில் முடியாது.

குதிரை எஃப்6-ல் வெட்டும்போது எச்7, ஜி8 இரண்டையும் தாக்கும். டி3 பிஷப் எச்7-ஐத் தாக்கும். இரண்டு தாக்குதலும் சேர்கிற கட்டம் எச்7. ராஜா ஜி8-ல் இல்லாமல் எச்7-ல் இருந்திருந்தால், குதிரை வெட்டுவது இரட்டைச் செக் ஆகியிருக்கும், சிப்பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கும். ராஜாவை ஒரே ஒரு கட்டம் நகர்த்த வேண்டும். அதற்கு அரிசி எது?

11-ஆவது நகர்வில் லாஸ்கர் ராணியால் எச்7 சிப்பாயை வெட்டினார். செக். ராஜா எச்8-க்குப் போக முடியாது, ராணி பிடித்திருக்கிறது. எஃப்7-க்கும் முடியாது, இ5 குதிரை இருக்கிறது. ராணியை வெட்டியே ஆக வேண்டும்.

இந்த ஒரு திருப்பத்துக்காகத்தான் இந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கிறேன். அதே இரண்டு நகர்வு: குதிரை எஃப்6, ராணி எச்7. ஒரு வரிசையில் ஆடினால் ஒன்றும் நடக்காது. முன்பின்னாக மாற்றினால் உலகப் புகழ்.

ஒற்றையடிப் பாதை

இனி மேட்டுக்கு எட்டு நகர்வைக் கணக்கிட வேண்டும் என்று சொன்னால் மலைப்பாக இருக்கும். ஆனால் கணக்கின் கடினம் நீளத்தில் இல்லை, கிளைகளில் இருக்கிறது. பத்து மைல் போனாலும் ஒற்றையடிப் பாதையில் யாரும் தொலைந்துபோவதில்லை. நாலு முச்சந்தி உள்ள ஒரே தெருவில் தொலைந்துபோகலாம். தொடர்ந்து செக் கொடுத்தால் எதிராளியின் பதில்கள் சுருங்கி, பாதை ஒற்றையடியாகிவிடும். நடந்து பார்ப்போம்.

12: குதிரை எஃப்6 பிஷப்பை வெட்டுகிறது, இரட்டைச் செக். ராஜாவுக்கு எச்8, எச்6 இரண்டே கட்டம். பாதை முழுவதிலும் உள்ள ஒரே பிரிவு இதுதான். எச்8-க்குப் போனால் இ5 குதிரை ஜி6-ல் தாவி உடனே மேட். எச் சிப்பாய் இல்லாததால் அதை வெட்ட ஆளில்லை. எனவே தாமஸ் எச்6-க்குப் போனார்.

13: இ5 குதிரை ஜி4-க்கு, செக். ஜி6, எச்7 இரண்டும் பிஷப்பிடம், எச்5 மற்றொரு குதிரையிடம். மிச்சம் ஜி5.

14: எச் சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்து எச்4, செக். அதை வெட்டலாமா? பின்னால் எச்1 யானை இருக்கிறது. குதிரைகளை வெட்டலாமா? இரண்டும் ஒன்றையொன்று காக்கின்றன. மிச்சம் எஃப்4. (எஃப் சிப்பாயை நகர்த்தியிருந்தால் ஒரு நகர்வு முன்பே மேட் ஆகியிருக்கும். யாரும் இதற்காக லாஸ்கரைக் குறை சொல்வதில்லை.)

15: ஜி சிப்பாய் ஜி3, செக். ராஜா எஃப்3.

16: பிஷப் பின்வாங்கி இ2, செக். ராஜா ஜி2.

17: யானை எச்1-லிருந்து எச்2, செக். யானையை ஜி4 குதிரை காக்கிறது. ராஜா ஜி1.

நின்று ஒருமுறை போர்டைப் பாருங்கள். ஜி8-ல் காஸ்லிங் பண்ணிப் பத்திரமாக உட்கார்ந்திருந்த கருப்பு ராஜா, தன்னந்தனியாக நடந்து வெள்ளையின் வீட்டுக்குள் ஜி1-ல் நிற்கிறது. வகுப்பில் இந்த இடத்தில் யாராவது சிரித்துவிடுவார்கள். இன்னும் ஒரே ஒரு நகர்வு, மேட். நான் சொல்லப்போவதில்லை, நீங்களே தேடிக்கொண்டிருங்கள். வெள்ளையின் எந்தக் காய் இதுவரை ஒரு வேலையும் செய்யவில்லை என்று மட்டும் பாருங்கள்.

சுருக்கமாக: எல்லா நகர்வும் செக், ஒரே இடத்தில்தான் இரண்டு பதில், மற்ற இடமெல்லாம் ஒரே பதில். எட்டு நகர்வு ஆழம், கிட்டத்தட்ட ஒரு கோடு.

பாயிண்ட் கணக்கு எங்கே போனது

காய்களுக்கு நாம் படித்த விலைப்பட்டியல் உண்டு: சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, யானை 5, ராணி 9. இந்த ஆட்டம் முடிகிறபோது கருப்பிடம் 31 பாயிண்ட் மிச்சம். வெள்ளையிடம் 26. அதிகம் வைத்திருந்தவர் தோற்றார்.

பட்டியல் பொய் என்று அர்த்தமில்லை. அது சந்தை விலை மாதிரி, சராசரி. அந்தக் கணத்தில் அந்த மூலையில் எத்தனை காய் வேலைக்கு வந்தன என்று அது சொல்லாது. ராஜா துரத்தப்பட்ட வட்டாரத்தில் வெள்ளைக்கு இரண்டு குதிரை, பிஷப், யானை, மூன்று சிப்பாய், தன் ராஜா. கருப்புக்கு ராஜா மட்டும். கருப்பு ராணி எஃப்6 குதிரைக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே நின்றது, ஒரே ஒரு முறை ஆடக் கிடைத்திருந்தால் அதை வெட்டியிருக்கும். கிடைக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டே இருந்தது.

1851-ல் லண்டனில் ஆண்டர்சன், கீசெரிட்ஸ்கியை வென்ற ஆட்டத்திலும் இதே கணக்குதான். ஆண்டர்சன் ஒரு பிஷப்பையும் இரண்டு யானைகளையும் ராணியையும் கொடுத்தார். கருப்பு ராணி ஏ1 மூலை வரை போய் யானையை வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அதன் ராஜாவை ஒரு பிஷப்பும் இரண்டு குதிரையும் மடக்கிவிட்டன.

பஸிலில் பலிக்கிறது, ஆட்டத்தில் ஏன் பலிப்பதில்லை?

இதற்கு என் சொந்த அனுபவமே போதும். கல்லூரி நாட்களில் ஒரு போட்டியில் டி3 பிஷப்பால் எச்7 சிப்பாயை வெட்டினேன். பிஷப், பிறகு குதிரை ஜி5 செக், பிறகு ராணி எச்5, பிறகு எச்7-ல் மேட்: மிகப் பழைய தாக்குதல், 'கிரேக்கப் பரிசு' என்று பெயரே உண்டு. பஸிலில் ஐம்பது தடவை பார்த்தது. ராஜா பிஷப்பை வெட்டியது, குதிரை செக் வைத்தேன், ராஜா ஜி8-க்குத் திரும்பியது, ராணியை எச்5-ல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். எதிரே இருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்தார். சி8-ல் தூங்கிக்கொண்டிருந்த பிஷப்பை எடுத்து எஃப்5-ல் வைத்தார். எச்7-க்குக் காவல் வந்துவிட்டது. மேட் இல்லை, எனக்கு ஒரு பிஷப் நஷ்டம். பதினைந்து நகர்வில் கதை முடிந்தது.

தவறு எங்கே? ராணி எச்5 என்பது செக் அல்ல, மிரட்டல். பால் பொங்குவது ஒரு நொடி நின்றது, அந்த நொடியில் எதிராளிக்கு ஒரு முறை கிடைத்தது. செக் இல்லாத நகர்வு தொடரில் வந்தால் பாதை அங்கே முச்சந்தியாகிவிடும். அந்த இடத்தில் எதிராளி நாற்காலியில் போய் உட்கார்ந்து, "எந்தக் காய் இந்தக் கட்டத்தைத் தொடும்?" என்று பிஷப், ராணி, யானை எல்லாவற்றையும் தடவிப் பார்க்க வேண்டும். நான் என் நாற்காலியிலேயே இருந்தேன்.

பஸில் செய்யும் இன்னொரு கெடுதல், விடை இருக்கிறது என்று முன்பே சொல்லிவிடுவது. ஆட்டத்தில் யாரும் தோளைத் தட்டி "இப்போது ஒரு மேட் உண்டு" என்று சொல்ல மாட்டார்கள். அதனால் நான் வகுப்பில் நாலு பஸிலுக்கு ஒன்று, பலி வேலை செய்யாத நிலையாக வைப்பேன். பிள்ளைகளுக்குக் கோபம் வரும்.

கடைசிவரை கணக்கிடவே முடியாத பலிகளும் இருக்கின்றன. மேட் வரை தெரிகிற பலி நிஜத்தில் பலியே அல்ல, கடன் கொடுத்து வட்டியோடு வாங்குவது. தெரியாமல் கொடுப்பதுதான் அசல் பலி என்று ருடால்ஃப் ஸ்பீல்மான் என்ற செஸ் வீரர் பிரித்தார். 1960-ல் 23 வயதில் உலக சாம்பியன் ஆன மிகயீல் தால் அந்த அசல் வகையின் ராஜா. அது வேறு பாடம். முதல் வகை கைவராமல் அதில் இறங்குபவர்கள் என்னைப் போல் பிஷப்பை இழப்பார்கள்.

மிச்சமிருந்த 18-ஆவது நகர்வு

கண்டுபிடித்தீர்களா? சும்மா இருந்தது ஏ1 யானை. அதற்கும் ஜி1-ல் நிற்கும் கருப்பு ராஜாவுக்கும் நடுவில் முதல் வரிசையில் ஒரே தடை, இ1-ல் நிற்கும் வெள்ளை ராஜா. லாஸ்கர் ராஜாவை டி2-க்கு ஒதுக்கினார். யானையின் வழி திறந்தது, செக், மேட். எஃப்1, எச்1, ஜி2 எதுவும் கருப்புக்கு இல்லை.

அதே இடத்தில் ராணிப் பக்கம் காஸ்லிங் செய்தாலும் மேட்தான். ராஜா சி1, யானை டி1. எது அழகு என்று செஸ் ஆடுபவர்கள் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் வகுப்பில் ஓட்டெடுப்பு வைத்தபோது காஸ்லிங் பெரும்பான்மையில் ஜெயித்தது. பின்வரிசைப் பையன் மட்டும் ராஜா டி2 என்றான். ஏன் என்றதற்கு, "காஸ்லிங்னா ரெண்டு காய் நகரணும் சார், இதுல ஒண்ணு போதுமே" என்றான்.